விரிசல் விட்ட பாய்மரம்

கட்டுமரத்தின் பாய்மரத்தில் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. அடுத்த பெருங்காற்றில் முறிந்துவிடுவோம் என்று அதற்குத் தெரியும். புதுசு மாற்றலாமா என்று ஆட்டிப் பார்க்கக் கட்டுமரத்துக்காரர் அருளப்பன் வந்தார்.

"மூச்சு விடாதே மக்கா. நீ போயிட்டா நான் யாரோட பேசுவேன்?" என்றது கட்டுமரம்.

பாய்மரம் பல்லைக் கடித்துக்கொண்டது. பிறகு, நடுக்கடலில் பாயில்லாமல் தன் கூட்டாளி தத்தளிப்பதை நினைத்துப் பார்த்தது. அவர் கை வைத்ததும் கரையெல்லாம் கேட்கக் கிரீச்சிட்டது.

புதுப் பாய்மரத்தோடு போய்த் திரும்பிய கட்டுமரத்திடம், கழற்றிப் போட்ட பழைய பாய்மரம் மணலில் கிடந்தபடி கேட்டது: "புதுசு எப்படி?"

"நல்லாத்தான் நிக்கிறான். வாயே திறக்க மாட்டேங்கிறான்."

"கூச்சமா இருக்கும். நீயே பேச்சுக் கொடு."

மறுவாரம் கட்டுமரமும் புதுசும் பேசிச் சிரித்துக்கொண்டே கரையேறின. மணலில் கிடந்ததைத் தாண்டித்தான் போயின.