ஒத்திகைக்கு முந்தின சாயங்காலம்

"யார் சொன்னது? பேரை மட்டும் சொல்லு, உன்னை விட்டுடறேன்."

மேஜைக்கு எதிரே சாந்திராஜ் தன் காக்கிச் சட்டையின் பொத்தானைப் பார்த்தபடி நின்றான். பயிற்சி அதிகாரி தாண்டவராயனுக்குக் கோபம் தலைக்கேறியது.

ஏறாதா பின்னே? பட்டணத்துத் தீயணைப்புப் படையில் இருபது வருஷம் புகையும் நெருப்பும் பார்த்தவர். பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம், செஞ்சியில் புதிதாகச் சேர்ந்த ஊர்க்காவல் படைக்குப் பயிற்சி கொடுக்க அவரை அனுப்பியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். சாந்திராஜ் அவர்களுக்குத் தலைவன். மலையில் விழுந்தவனைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டுப்போட்டு, கயிறு கட்டி இறக்க வேண்டும். அதுதான் வேலை.

வேலை சும்மா வரவில்லை. போன சித்திரைத் திருவிழாவில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறிய ஒருவர் வெயிலில் மயங்கிப் பாறை இடுக்கில் விழுந்துவிட்டார். சாயங்காலம்தான் கண்டெடுத்தார்கள். அதற்குள் உயிர் போயிருந்தது. இந்த வருஷத் திருவிழாவுக்கு இன்னும் பத்தே நாள். இந்தப் படையை நம்பி மலைமேல் நிறுத்தலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் தாண்டவராயன்.

அதனால் விபத்து ஒத்திகை வைத்தார். படையில் ஒருவனான பச்சமுத்து, காலில் சிவப்பு மையைப் பூசிக்கொண்டு, மயங்கியவன்போல வாயை மூடிக்கொண்டு எங்காவது கிடப்பான். விசில் ஊதியதும் மற்றவர்கள் தேட வேண்டும். இடம் தாண்டவராயனுக்கு மட்டும்தான் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். முதல் நாளே எல்லோரிடமும் கறாராகச் சொல்லியிருந்தார்: சாமி, சகுனம் எல்லாவற்றையும் அடிவாரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும், இது சயின்ஸ் என்று.

முதல் ஒத்திகை ராஜகிரி மரப்பாலத்துக்குக் கீழே. ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்தார். ஒன்பது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். தட்டிக்கொடுத்தார்.

இரண்டாவது, நெற்களஞ்சியத்துக்குப் பின்னால் முட்புதரில். எட்டு நிமிஷம். இந்தத் தடவை தட்டிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. பார்க்கிறவன் எல்லாம் திருடனாகத் தெரிந்தான். பச்சமுத்துதான் உளறுகிறானோ? சாயங்காலமானால் சாந்திராஜ் அவசர அவசரமாகக் கிளம்புகிறானே, யாரைப் பார்க்க? விசாரித்ததில், ஜைனர் வீட்டுப் பிள்ளை, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஓடுகிறான் என்று தெரிந்தது. அதையும் அவர் முழுசாக நம்பவில்லை.

வீட்டில் மனைவி மீனம்பாள் மேல்கூடச் சந்தேகம் வந்தது. பொய்யாக விழுந்தாலும் விழுவது விழுவதுதானே, இப்படியெல்லாம் விளையாடலாமா என்று ஆரம்பத்திலிருந்தே புலம்புகிறவள் அவள். புலம்பிக்கொண்டே, வெயிலுக்கு இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் அவர் பையில் போட்டு அனுப்புவாள். குழாயடியில் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ?

மூன்றாவது ஒத்திகைக்குப் பொறி வைத்தார். பச்சமுத்துவிடம் ஆனைக்குளம் என்றார். மனைவியிடம் சந்திரகிரி என்றார். மறுநாள் விடிந்து, மற்றவர்கள் வழக்கம்போலக் கோட்டை முழுக்க ஓடித் திரும்பிய பிறகு, பச்சமுத்துவைக் கையோடு கூட்டிப்போய்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குப் பின்புறச் சரிவில் படுக்க வைத்தார். வேறு யாருக்கும் தெரிய வழியே இல்லை.

விசில் ஊதினார். சாந்திராஜ் ஆனைக்குளம் பக்கம் திரும்பவில்லை. சந்திரகிரி பக்கமும் திரும்பவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேராகக் கிருஷ்ணகிரிக்குப் பின்னால் போய் நின்றான். ஏழு நிமிஷம்.

தாண்டவராயன் ஆடிப்போய்விட்டார். இதோ, அன்று மதியமே அவனைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

"நிஜத்துல விழறவன் இடத்தைச் சொல்லிட்டு விழமாட்டான்யா. திருவிழா அன்னிக்கு எவனாச்சும் விழுந்தா எப்படித் தேடுவீங்க? உங்களை நம்பி ஒரு உசுரு போவணுமா?"

"அதான் சார் எங்களுக்கும் உறுத்தலா இருக்குது" என்றான் சாந்திராஜ் மெல்ல.

"அப்போ பேரைச் சொல்லு. இல்லேன்னா பன்னண்டு பேரையும் இப்பவே கலைச்சுடுவேன்."

பன்னிரண்டு பேர் என்றதும் சாந்திராஜ் நிமிர்ந்தான். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். வெளியே நின்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொன்னா தப்பா நினைக்கக் கூடாது சார். உங்க மரியாதை போயிடுமேன்னுதான் இத்தினி நாளா யாரும் வாயைத் தொறக்கல."

"என் மரியாதையா? இன்னாய்யா சொல்ற?"

சாந்திராஜ் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தான். உள்ளே, இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

"காலைல ஓடச் சொல்றீங்க இல்ல சார், அப்ப பார்ப்போம். இது எங்க கெடக்குதோ, அங்கதான் பச்சமுத்து விழறான்."

தாண்டவராயனின் கை தானாகப் போய்த் தன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. நாளைய ஒத்திகைக்காக இன்று சாயங்காலம் அறுக்க வேண்டிய பழம் அதற்குள் இருந்தது.