முதல் குற்றம்

“அடிச்சது நான்தான்யா” என்று கூண்டில் ஏறிய கையோடு சுடலைராஜ் ஒத்துக்கொண்டான். வக்கீல் தேவதாசன் மண்டையைக் குடைந்து தயாரித்திருந்த வாதமெல்லாம் வீணாய்ப் போனது.

வாழைக்கு மடை திருப்புவதில் தகராறு. மண்வெட்டிக் காம்பு பட்டு பக்கத்து வயல்காரன் இசக்கிராஜாவின் மண்டை உடைந்துவிட்டது. அவன் கொடுத்த புகாரிலும் சுடலைராஜ் பெயர்தான் இருந்தது. இனி தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தண்டனையை மதியம் சொல்வதாக நீதிபதி எழுந்து போனார். வராண்டா பெஞ்சில் சுடலைராஜின் மனைவி முத்துராணி கண்ணைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். அங்கே முறுக்கு மீசையோடு உட்கார்ந்திருந்த இசக்கிராஜா சட்டென்று எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான். பாவம், அவள் அழுவதைப் பார்க்கச் சங்கடப்படுகிறான் என்று தேவதாசன் நினைத்துக்கொண்டார்.

“ஐயா, ஏற்கெனவே அடிதடில தண்டன வாங்குன ஆளுன்னா உள்ள போட்டுருவாவளோ?”

“கண்டிப்பா போடுவாங்க. ஒம் புருஷன் ஈ எறும்பக்கூட அடிக்காதவன். நீ ஏம்மா பயப்படுத?”

அவள் மூக்கைச் சிந்தினாள்.

மதியம் தேவதாசன் வெளுத்து வாங்கிவிட்டார். “இது முதல் குற்றம், ஐயா. கை நீட்டி ஏற்கெனவே தண்டனை வாங்கியவர்களையும் இவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.” முன்தண்டனை ஏதும் இல்லை என்று அரசு வக்கீலும் சொல்ல, ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் சுடலைராஜை விட்டுவிட்டார் நீதிபதி. தேவதாசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்ததும் எச்சரித்தார். “இங்கேரும் வே, இனி அடிதடின்னு வந்தா உமக்கும் பழைய தண்டனைன்னு ஒண்ணு நிக்கும். நேரே பாளையங்கோட்டை ஜெயில்தான். கைய அடக்கி வச்சுக்கிடும்.”

சுடலைராஜ் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

“கேட்டியாட்டி? ஏரல் சந்தையில ஒருத்தன் பல்ல ஒடச்சதுக்கு நீ ஏற்கெனவே தண்டன வாங்கியாச்சு. பொம்பளட்ட அடி வாங்குனேன்னு சொல்ல வெக்கப்பட்டு இசக்கிராஜா எம் பேரச் சொன்னான், இந்தத் தடவ தப்பிச்சோம்.”

முத்துராணி வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

“இனிமே நீ அடிச்சா, ஏத்துக்க ஆளில்ல.”