ஒரே வெள்ளைச் சட்டை

எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நாங்கள், அழுக்குத் துணிகளைப் பெட்டியிலிட்டுத் தாயாருக்கு அனுப்புவோம், துவைத்து வரும். என் அறைத்தோழன் மேக்னஸின் ஒரே பெட்டி கப்பலில் ஆர்க்னித் தீவுக்குப் போய்வர இரண்டு வாரங்களாகும். இறுதித் தேர்வுக்கு முன்தினம், இரத்தக்கறை படிந்த தன் ஒரே வெள்ளைச் சட்டையையும் அவன் மறதியாக அனுப்பிவிட்டான். வெள்ளைச் சட்டையில்லாதவனுக்குத் தேர்வறையில் இடமில்லை. அறிவைத் துணியால் அளந்த அவ்விதியை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

விடிந்ததும் வாசலில் அவனுடைய பெட்டி இருந்தது. சட்டை வெளுத்து, தேய்த்து, சூடாக இருந்தது.

"உங்கம்மா பறந்து வந்தாங்களாடா?" என்றேன்.

"கேள்வியெல்லாம் அப்புறம். பொத்தானைப் போட்டு விடுடா."

மாலையில், "தேறிட்டேன்டா" என்று கத்தியபடி வந்தான். வீட்டுக்குச் செய்தி அனுப்பத் துறைமுகத்துக்கு ஓடினோம்.

"நேத்துலேருந்து காத்து சரியில்ல தம்பி, கப்பல் இப்பத்தான் கெளம்புது. நேத்துக் குடுத்த உன் பெட்டியிலயே கடுதாசியை வெச்சிடு" என்றார் கப்பல் தலைவர்.

பெட்டியில் நேற்றுத் தான் போட்ட முடிச்சை மேக்னஸ் தானே அவிழ்த்தான். உள்ளே கறை படிந்த சட்டை கிடந்தது. அதன் கழுத்துப்பட்டியில் அவன் தாயார் போட்ட நீலத் தையல். அவன் மெல்லத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அங்கும் அதே நீலத் தையல்.

"சீக்கிரம் தம்பி."

கடிதத்தைச் சட்டையின்மேல் வைத்துப் பெட்டியைக் கட்டினான். திரும்பும் வழியில் பனி பெய்தது. அவன் தோளில் கைபோட்டேன். சட்டையில் தேய்ப்புப்பெட்டியின் சூடு ஆறவில்லை.