வரப்பின் இந்தப் பக்கம்

சாங்ஹுவா வயல்வெளியில் பதினொரு சிவப்புக் கொடிகள் காலைக் காற்றில் படபடக்கின்றன. அத்தனையும் ஓரகத்தி குவெய்ஹோங்கின் நிலத்தில்தான். வரப்புக்கு இந்தப் பக்கம், ஷூலுவானின் நிலத்தில், ஒரு கொக்கு மட்டும் நிற்கிறது. முலாம் பூசும் ஆலையைத் தொட்டு வரும் ஒரே வாய்க்கால்தான் இரண்டு வயலுக்கும் பாய்கிறது. ஆனால் ஆலைக் கழிவின் காட்மிய விஷம் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டதாம். கொடி நட்ட நிலத்துக்கு ஆலைக்காரர்கள் நஷ்டஈடு தரப்போகிறார்கள். மதிப்பீட்டாளர் லியாவ் வரைபடத்தை விரித்துக் கொடிகளைச் சரிபார்க்கிறார். அவர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி குவெய்ஹோங் நடக்கிறாள். மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்தே எல்லாம் அவளுக்குத்தான் முதலில். முன்னறை, ஆண்பிள்ளை, இப்போது விஷமும்.

"எனக்கு என்ன போட்டிருக்கீங்க, சார்?" என்கிறாள் ஷூலுவான்.

"உங்க நிலம் சுத்தம்க்கா. நஷ்டஈடு வராது."

"சுத்தம்னா என் நெல்லை ஏன் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான்? ஊர்ப் பேரைக் கேட்டதுமே மூட்டையைத் திருப்பி அனுப்புறான்."

குவெய்ஹோங் குடைக்குள் சிரிக்கிறாள். "குடுத்து வச்சவ நீ. விஷமில்லாத சோறு திங்கலாம்."

ஷூலுவான் ரப்பர் பூட்ஸோடு வரப்பைத் தாண்டி, கொடிகளுக்கு நடுவே முழங்கால்வரை சேற்றில் இறங்குகிறாள். சொதசொதவென்று திரும்பி வந்து, தன் வயலில் ஒவ்வொரு காலாக அழுத்தித் துடைக்கிறாள். கொக்கு எழுந்து பறக்கிறது.

"இப்ப இந்த மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்க, சார்."