மத்தியானத் தீனி

“மெஷின் தீனி போடற ஆட்டோட பாலு உடம்புல ஒட்டுமாங்க?” என்று கேட்டாள் செவ்வந்தி.

பால் வண்டிக்காரர் அங்கப்பன் சிரித்தார். “பாலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க அம்மணி. நாளைக்குக் காலையில அளக்கறோம். உங்க ஊடா, விமலாராணி ஊடான்னு பாத்து, எங்க பால் அதிகமா வருதோ அங்கதான் பால் சென்டர் வெப்போம். சென்டரைப் பாத்துக்கற வேலையும் அவிங்களுக்குத்தான்.”

வண்டி போய்விட்டது. செவ்வந்திக்கு வயிறு எரிந்தது.

பக்கத்துக் கொட்டகை விமலாராணியுடையது. நடுவில் ஒரு கம்பி வேலிதான். தை மாசம் அவள் மெஷின் வாங்கினாள். வேளை வந்ததும் ரப்பர் பெல்ட் தானாக ஓடி, ஆடுகளின் வாய்க்கு நேரே தீனியைக் கொண்டு நிறுத்துகிறது. மகராசி நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறாள்.

செவ்வந்தியோ விடியும் முன்னே தீனிக்கூடை சுமந்து, பகலெல்லாம் தேங்காய்க் களத்தில் கூலிக்கு நின்று, சாயங்காலம் வந்து மறுபடியும் கூடை சுமக்கிறாள். ஆனாலும் பாலில் அவளை யாரும் மிஞ்சியதில்லை. இந்தக் கொஞ்ச நாளாக ஆடுகள் இன்னும் கூடவே கறக்கின்றன. எல்லாம் தன் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் கைராசியை ஒரு பெல்ட் வந்து தோற்கடிப்பதா?

களத்துக்குக் கிளம்பும்போது விமலாராணி எதிரே வந்தாள். “அக்கா, கோயமுத்தூர்ல ஜெபக்கூட்டமுங்க. சாயங்காலந்தான் வாரேன்.”

“போயிட்டு வா கண்ணு. ஆட்டுக்குத் தீனி?”

“மெஷின் பாத்துக்குமுங்க.”

பார்த்துக்குமாம். அவள் பஸ் ஏறியதும் செவ்வந்தி வேலியோரமாகச் சுற்றிப் போய், கொட்டகைச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். ஒரு வேளைப் பட்டினியில் ஆடு செத்தா போகும்? கொஞ்சம் பால் குறையும். அதுதான் வேண்டும்.

அன்று களத்தில் அவளுக்கு வேலை செய்த அலுப்பே தெரியவில்லை.

சாயங்காலம் திரும்பினால் இரண்டு கொட்டகையிலும் ஒரே கத்தல். விமலாராணியின் ஆடுகள் கத்துவது நியாயம். தன் ஆடுகள் எதற்குக் கத்துகின்றன? உள்ளே ஓடினாள்.

அங்கே, கூட்டத்துக்குக் கட்டிப்போன புடவையோடு குனிந்து, செவ்வந்தியின் ஆடுகளுக்குத் தீனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் விமலாராணி.

கண்டுபிடித்துவிட்டாளா?

“கோவிச்சுக்காதீங்க அக்கா. சுவிட்ச் எப்படியோ அணைஞ்சுபோச்சுங்க. இனி அடுத்த வேளைக்குத்தான் பெல்ட் ஓடும். மத்தியானத் தீனி வராம உங்க ஆடுகளும் பாவம், வேலியில தலையை உட்டுட்டுக் கத்துதுங்க.”

“எங்க ஆடு எதுக்கு உன்ற மெஷினுக்குக் கத்துது?”

“நீங்க களத்துக்குப் போயிட்டா மத்தியானம் அதுகளுக்கு யாருமில்லைங்களே. அதான் மெஷினை மாட்டும்போதே பெல்ட்டை வேலி வரைக்கும் நீட்டச் சொல்லிப்போட்டேன். முன்னாடியே சொன்னா வேண்டாம்பீங்க.”

செவ்வந்தி வேலியைத் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் கத்தல் ஓயவில்லை.

“உன்ற ஆடுக பட்டினியா நிக்குதே அம்மணி…”

“நிக்கட்டுமுங்க. நாளைக்குப் பால் அளக்கறாங்களே, உங்களுது குறையக்கூடாதுன்னுதான் மொதல்ல இங்க வந்துபோட்டேன்.”