வாளியில் எழுதிய எண்

இப்போதெல்லாம் அடுத்த வீட்டுக் குப்பையை எட்டிப் பார்ப்பதுதான் ஜனங்களுக்கு வேலை. மக்குவது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி, போதாததற்கு இரண்டிலும் வீட்டு எண். நான் எல்லாவற்றையும் ஒன்றிலேயே கொட்டுகிறவன். இன்று குப்பை பிரிக்கும் கொட்டகையில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். பல்செட்டைச் சுற்றிவைத்த காகிதத்தைக் காலையில் கசக்கி எறிந்துவிட்டேன். பல்செட் போனால் இனி ரொட்டியை நனைத்துத்தான் தின்ன வேண்டும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. எங்கோ பாட்டில்கள் உரசுகின்றன. கையுறை போட்ட பெண் வாளிகளின் வரிசையில் என் எண்ணைத் தேடி, வாளியை மேசையில் மெதுவாகக் கவிழ்க்கிறாள். தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், மாத்திரை அட்டை. “பிரிச்சுப் போட்டிருந்தா இந்நேரம் கடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பீங்க ஐயா” என்கிறாள். பின்னால் இருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். “உங்க பல்லு மட்டும் சாசுவதமா? வேலையப் பாருங்கடி” என்று அதட்டிவிட்டு, சக்கைக்குள் விரல்விட்டுத் துழாவுகிறாள். கிடைத்ததும் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயடியில் சோப்புப் போட்டு இடுக்கு இடுக்காகக் கழுவி, கையுறையைக் கழற்றிவிட்டு என் உள்ளங்கையில் வைக்கிறாள். நன்றி சொல்ல வாய் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. “போட்டுக்கிட்டுச் சொல்லுங்க” என்கிறாள். போட்டுக்கொண்டு சொல்கிறேன். கைகளும் தானாகக் குவிகின்றன. “நாளையிலேர்ந்து ரெண்டு வாளி, சரியா?” என்கிறாள். பார்க்கலாம் என்று தலையை ஆட்டிவிட்டு, காலி வாளியோடு நடக்கிறேன். வெயிலில் எண் பளிச்சென்று தெரிகிறது. எதிரே வருகிறவர்கள் படிக்காதபடி அந்தப் பக்கத்தை என் காலோடு திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன்.