சின்ன வளை

வயல் வரப்புக்கு உடம்பெல்லாம் ஓட்டை. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலே அதற்குப் பக்கென்றிருக்கும். அன்று காலை ஒரு நண்டு வளையிலிருந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டி அலுத்துக்கொண்டது.

"பாத்தீங்களாண்ணே, நம்ம நண்டுப் பயலுகளுக்குப் பொறுப்பே இல்ல. இத்தனை வளை தோண்டினா நீங்க எப்படித் தாங்குவீங்க?"

"உன் வளையை மூடேன்ப்பா" என்றது வரப்பு.

"என்னுதா? அது சின்னதுண்ணே. பெரிய வளைக்காரனுங்க முதல்ல மூடட்டும்."

வரப்பு அடுத்த வளையிலும் கேட்டுப் பார்த்தது. விடிந்ததிலிருந்து வளைக்கு வளை இதே பதில்தான்.

சாயங்காலம் மழை கொட்டி, வரப்பு உடைந்தது. சரியும்போது அதன் காதில் விழுந்ததெல்லாம், வெள்ளத்தோடு போன அத்தனை நண்டுகளின் கத்தல்தான்:

"நான் அப்பவே சொன்னேன்ல!"